'டேக் ஆன் மீ': அடிக்கடி கேக்குற கேள்விகளும் எனக்குத் தெரிஞ்ச பதில்களும்

இந்தப் பாட்டை ஸ்டேட்டஸ்ல போட்டா போதும், ஒவ்வொரு தடவையும் அதே பத்தொம்பது கேள்வி வரிசையா வந்துடுது. தனித்தனியா டைப் பண்ணி கை வலிச்சுப் போச்சு. அதான் மொத்தமா இங்க எழுதி வச்சிட்டேன், இனிமே கேக்குறவங்களுக்கு லிங்க் மட்டும்தான்.

எந்தப் பாட்டுங்க இது? பேரு கேட்ட மாதிரியும் இருக்கு கேக்காத மாதிரியும் இருக்கு

கேட்டிருப்பீங்க. ரீல்ஸ்ல, விளம்பரத்துல, யாரோட ரிங்டோன்லயோ கண்டிப்பா கேட்டிருப்பீங்க. தொடங்கும்போதே கீபோர்ட்ல துள்ளித் துள்ளி ஒரு ட்யூன் வரும், நிமிஷத்துக்கு 169 பீட், யாரோ பஸ்ஸைப் பிடிக்க ஓடுற வேகம். வீடியோன்னு சொன்னா இன்னும் சீக்கிரம் ஞாபகம் வரும், பென்சில்ல வரைஞ்ச ஒரு ஹீரோ காமிக்ஸ் புக்ல இருந்து கையை நீட்டி நிஜப் பொண்ணை உள்ள கூப்பிடுவானே, அதேதான். பாடினது ஆ-ஹா, நார்வே நாட்டு பேண்ட். உலகம் முழுக்க ஓடுனது 1985ல.

பேண்டு பேரே ஆஹாவா? சும்மா சொல்றீங்களா?

நிஜமாவே அதான் பேரு. போல் வாக்டார் பாட்டு எழுதி வைக்கிற நோட்டுல ஒரு பாட்டுக்குத் தலைப்பா அந்த வார்த்தை இருந்துச்சாம், அதைப் பாத்துட்டு மார்ட்டன் இதையே பேண்டுக்கு வச்சிரலாம்னு சொல்லிட்டாரு. மூணு பேரு: பாடுறது மார்ட்டன் ஹார்க்கெட், கீபோர்ட் மாக்னே ஃபுருஹோல்மென், கிட்டார் போல் வாக்டார். இங்கிலீஷ்ல எழுதினா நமக்கு அவரு பேரை "பால்"னு படிக்கத் தோணும், ஆனா அவங்க ஊர் உச்சரிப்பு "போல்". மாக்னே கூட முதல்ல கிட்டார்காரர்தான், போல் சொல்லித்தான் கீபோர்ட் பக்கம் போனாரு. அந்த வருத்தம் அவருக்கு இன்னும் முழுசா போகலைன்னு 2021ல வந்த அவங்க டாக்குமெண்டரி படத்தைப் பாத்தா புரியும். கீபோர்ட் ட்யூனுக்காகவே உலகம் ஞாபகம் வச்சிருக்கிற ஆளுக்கு இப்படி ஒரு வருத்தம்.

"டேக் ஆன் மீ"ன்னா என்ன அர்த்தம்? இங்கிலீஷே தப்பா இருக்கே

ஆமா, கொஞ்சம் கோணலான இங்கிலீஷ்தான். இங்கிலீஷ்ல அப்படி யாரும் பேச மாட்டாங்க. ஆனா நார்வே மொழியில "தா போ மை"ன்னு ஒண்ணு இருக்கு, வார்த்தைக்கு வார்த்தை மாத்துனா "டேக் ஆன் மீ" வரும், அர்த்தம் "என்னைத் தொடு". அப்படிப் பாத்தா பாட்டு சட்டுனு பிடிபடும். நமக்குக் காதுல "தா... போ..."ன்னு விழறது தனி வேடிக்கை, ஏன்னா பாட்டோட சங்கதியே கிட்டத்தட்ட அதான். என்னை ஏத்துக்கோ, ஒண்ணு ரெண்டு நாள்ல நான் போயிடுவேன்னு சொல்றான். காதலைச் சொல்ல வந்தவன் அதே மூச்சுல கிளம்புற தேதியையும் சொல்றான் பாருங்க. ட்யூன் குதிச்சுக்கிட்டு இருக்கிறதால நிறைய பேருக்கு அந்த சோகம் காதுல ஏறவே ஏறாது.

இந்த ட்யூன் 1985ல போட்டதா?

இல்லீங்க, அதுக்கும் பல வருஷம் முன்னாடி. மாக்னேயும் போலும் ஸ்கூல் பசங்களா இருந்தப்ப பிரிட்ஜஸ்னு ஒரு பேண்ட் வச்சிருந்தாங்க, அந்தக் கீபோர்ட் ட்யூன் அங்கேயே பொறந்தாச்சு. ஆனா அவங்களுக்கே அது சூயிங்கம் விளம்பர மியூசிக் மாதிரி பட்டதாம், அவங்க போட நினைச்ச சீரியஸான மியூசிக்குக்கு இது ரொம்ப லேசா தெரிஞ்சிருக்கு. பாட்டுக்கு அப்ப பேரு "மிஸ் ஈரி", அப்புறம் "லெசன் ஒன்", அப்புறம்தான் இந்தப் பேரு. மார்ட்டன் மட்டும் கேட்ட உடனேயே இது ஹிட்டுன்னு நம்பியிருக்காரு.

அப்புறம் மூணு பேரும் லண்டன் போயிட்டாங்க. கைல காசு கிடையாது. அங்க டெமோ பதிவு பண்ண ஒரு ஸ்டுடியோவைத் தேர்ந்தெடுத்ததுக்குக் காரணம் அங்க ஸ்பேஸ் இன்வேடர்ஸ் கேம் மெஷின் இருந்தது, அவ்ளோதான். அந்த ஸ்டுடியோ வச்சிருந்த ஜான் ராட்க்ளிஃப்தான் பின்னாடி அவங்களைக் கைதூக்கி விட்டாரு. கேம் ஆடப் போன இடத்துல வாழ்க்கை அமைஞ்சிருக்கு!

முதல் தடவை ஃபிளாப்னு சொல்றாங்களே, நிஜமா?

முதல் தடவை மட்டும் இல்ல, ரெண்டாவது தடவையும். இதைத்தான் பல பேரு குழப்பிக்கிறாங்க, கொஞ்சம் பொறுமையா சொல்றேன்.

1984ல டோனி மேன்ஸ்ஃபீல்டுன்னு ஒருத்தர் புரொட்யூஸ் பண்ணி ஒரு வெர்ஷன் வந்துச்சு. நார்வே ஹிட் லிஸ்ட்ல 3வது இடம் வரைக்கும் போச்சு, சொந்த ஊரு பசங்கன்னு வாங்கியிருப்பாங்க. இங்கிலாந்துல கண்டுக்கவே இல்ல. அதுக்கும் ஒரு வீடியோ இருக்கு, நீலக் கலர் பின்னணியில மூணு பேரும் நின்னு பாடுவாங்க, அவ்ளோதான், யூடியூப்ல கிடைக்கும். பாட்டையும் கேட்டுப் பாருங்க, அதே ட்யூன் அதே குரல், ஆனா சத்தம் சவசவன்னு இருக்கும், எல்லாம் ஃபேர்லைட்னு ஒரு மியூசிக் கம்ப்யூட்டர்ல தட்டுனது, மூச்சு விடுற இடமே இருக்காது.

அப்புறம் ஆலன் டார்னின்னு ஒரு புரொட்யூசரை வச்சு மறுபடி பதிவு பண்ணாங்க, கிளிஃப் ரிச்சர்டுக்கெல்லாம் ஹிட் குடுத்தவர். அவரு பெருசா வித்தையெல்லாம் காட்டல, டெமோல இருந்த உயிரைத் திரும்பக் கொண்டு வந்தாரு. லின் டிரம்னு ஒரு டிரம் மெஷின், ஜூனோ-60, டிஎக்ஸ்7னு ரெண்டு சிந்தசைசர் கீபோர்ட், அடியில ஒரு நிஜ அக்கூஸ்டிக் கிட்டார். இப்ப நாம கேக்குறது இந்த வெர்ஷன்தான். இதையும் 1985ல இங்கிலாந்துல விட்டாங்க, இதுவும் ஓடல. மூணாவது தடவை விட்டப்பதான் பிச்சுக்கிச்சு, அப்ப கூடவே அந்த வீடியோ இருந்துச்சு.

வீடியோ ஐடியா யாரோடது?

அமெரிக்காவுல வார்னர் ரெக்கார்டு கம்பெனியில ஜெஃப் ஆயராஃப்னு ஒருத்தர் இருந்தாரு. ரெண்டு தடவை படுத்த பாட்டுக்கு வேற யாராச்சும் "விட்டுத் தள்ளு"ன்னு சொல்லியிருப்பாங்க, இவரு செலவு பண்ணி நல்ல வீடியோ எடுங்கன்னு ஸ்டீவ் பேரன்கிட்ட குடுத்தாரு. பேரன்னா நம்ம பேரன் பேத்தி இல்ல, மைக்கேல் ஜாக்சனோட "பில்லி ஜீன்" வீடியோ எடுத்த டைரக்டர். படம் வரைஞ்சது மைக்கேல் பேட்டர்சன், கேண்டஸ் ரெக்கிங்கர் ரெண்டு பேரும். பேட்டர்சன் காலேஜ்ல படிக்கும்போது "கம்யூட்டர்"னு பென்சில்ல ஒரு குட்டிப் படம் பண்ணியிருந்தாரு, அந்தக் கிறுக்கல் ஸ்டைல்தான் இங்க வந்து உக்காந்துச்சு. காமிக்ஸ்ல இருந்து ஒரு கை வெளிய நீளுதுங்கிற அந்த ஒத்தக் காட்சி பேரன் மனசுல வந்ததுதான், மிச்சக் கதை அதைச் சுத்திக் கட்டுனது.

வீடியோல கதை என்ன? நான் எப்பவும் பாதியில விட்டுடுவேன்

பாவி! சரி கேளுங்க. காமிக்ஸுக்குள்ள பக்கவண்டி வச்ச பைக் ரேஸ், நம்ம ஹீரோ, அதாவது பாடகர் மார்ட்டன், ஜெயிக்கிறான். ஒரு சின்னக் கஃபேல உக்காந்து ஒரு பொண்ணு அதைப் படிச்சிக்கிட்டு இருக்கு. புக்குல இருக்கிற ஹீரோ அவளைப் பாத்து கண்ணடிக்கிறான், கை வெளிய வருது, அவ பிடிச்சிக்கிட்டு உள்ள போயிடுறா, அவளும் பென்சில் கோடா மாறிடுறா. உள்ள ஒரு கண்ணாடிச் சட்டம் மாதிரி ஒண்ணு இருக்கும், அது வழியா பாத்தா நிஜ முகம், விலகுனா கோடு. ரெண்டு பேரும் அதுக்கு ரெண்டு பக்கமும் நின்னு ஒருத்தரை ஒருத்தர் பாக்குறது, என்னைக் கேட்டா வீடியோலயே உசந்த இடம் அதான்.

வெளிய கஃபேல சர்வர் அம்மா பில்லோட வருது, பொண்ணைக் காணோம். காசு குடுக்காம ஓடிட்டான்னு கடுப்புல காமிக்ஸைக் கசக்கிக் குப்பைத் தொட்டில போட்டுடுது. ஒரு காதல் கதைக்கு வில்லன் குடுக்காத பில்லு! உள்ள ரேஸ்ல தோத்த ரெண்டு பேரு பெரிய ஸ்பேனரோட துரத்துறாங்க, ஹீரோ பேப்பரைக் கிழிச்சு அவளை வெளிய அனுப்பிடுறான். அவ குப்பைத் தொட்டி பக்கத்துல வந்து விழுறா, புக்கை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு ஓடி நீவி நீவிப் பாத்தா கட்டத்துக்குள்ள அவன் அசையாம கிடக்கிறான். அப்புறம் எழுந்து அந்தக் கட்டத்தோட சுவத்துல மோதி மோதி, பாதி கோடு பாதி மனுஷனா துடிச்சு, அவ வீட்டு வராண்டாவுலயே வந்து விழுறான். அந்த மோதுற காட்சிக்கு 1980ல வந்த "ஆல்டர்டு ஸ்டேட்ஸ்" படத்தோட கிளைமாக்ஸ்தான் தூண்டுதல்.

துரத்துற ஆளுல ஒருத்தரைப் பிற்பாடு டிவியில பாத்திருப்பீங்க, அகதா கிறிஸ்டியோட பொய்ரோ சீரியல்ல இன்ஸ்பெக்டர் ஜாப்பா வர்ற ஃபிலிப் ஜாக்சன்தான் அது. ரவுடியா இருந்து போலீஸ் ஆயிட்டாரு.

கம்ப்யூட்டர்ல தானே பண்ணாங்க? ஃபில்டர் போட்டா வந்துடுமே

இந்தக் கேள்வியைக் கேக்குறவங்க மேல எனக்குக் கொஞ்சம் கோவம் வரும், சொல்லிட்டேன்.

எல்லாம் கை. இந்த முறைக்கு ரோட்டோஸ்கோப்பிங்னு பேரு, மேக்ஸ் ஃபிளைஷர் 1915 வாக்குல கண்டுபிடிச்சது, அதாவது சினிமா பேசவே ஆரம்பிக்காத காலம். முதல்ல நிஜ ஆளுங்களை வச்சு சாதாரணமா ஷூட் பண்ணிடணும். அப்புறம் ஃபிலிமை ஒவ்வொரு பிரேமா நிறுத்தி ஒளியில காட்டி, மேல பேப்பரை வச்சு கோடு கோடா வரையணும். ஒண்ணு முடிஞ்சா அடுத்தது. இப்படி சுமார் 3000 பிரேம், 16 வாரம் ஆச்சு. லீவே இல்லாம கணக்குப் போட்டாலும் ஒரு நாளைக்கு 26, 27 படம் வருது, அதுவும் கண்ணு மூக்கு நிழலு எல்லாத்தோட.

படத்துல அந்தக் கோடுங்க எப்பவும் கொதிக்கிற மாதிரி நடுங்கிக்கிட்டே இருக்கும் பாத்திருக்கீங்களா? ஒவ்வொரு பிரேமையும் புதுசா வரையும்போது எந்தக் கையாலயும் போன தடவை போட்ட அதே இடத்துல அதே அழுத்தத்துல கோடு போட முடியாது. அந்த முடியாமைதான் நடுக்கமா தெரியுது. ஒண்ணு ரெண்டு நாள்ல போயிடுவேன்னு பாடுற ஆளு ஒரு செகண்ட் கூட ஒரே இடத்துல நிக்காத கோடா இருக்கான், யோசிச்சுப் பண்ணாங்களோ தானா அமைஞ்சுதோ, எனக்கு அந்த நடுக்கத்துக்காகவே திரும்பத் திரும்பப் பாக்கத் தோணும். ஃபில்டர்ல இது வராது, வந்தாலும் ஒரே சீரா வரும்.

இன்னொரு கஷ்டம், ஒரே பிரேம்ல பாதி நிஜம் பாதி வரைஞ்சது. கண்ணாடிச் சட்டத்துக்கு உள்ள தெரியுற முகமும் வெளிய இருக்கிற கோடும் மயிரிழை பிசகாம சேரணும், இல்லன்னா கண்ணு உடனே கண்டுபிடிச்சிடும்.

அந்தப் பொண்ணு யாரு? ரெண்டு பேரும் நிஜமாவே லவ் பண்ணாங்களா?

பன்டி பெய்லி, இங்கிலாந்துப் பொண்ணு, டான்ஸரா மாடலா இருந்தவங்க. ஆமா, ஷூட்டிங்ல பழகி அப்புறம் ரெண்டு பேரும் கொஞ்ச நாள் சேர்ந்து இருந்தாங்க, பிறகு பிரிஞ்சிட்டாங்க. அந்தக் கை பிடிக்கிற காட்சியில இருக்கிற வெக்கம் நடிப்பு இல்லைன்னு எனக்கு ஒரு நம்பிக்கை, ஆதாரம் எல்லாம் கேக்காதீங்க.

கஃபே செட்டா நிஜமா?

நிஜக் கடை. தெற்கு லண்டன்ல வாண்ட்ஸ்வொர்த் ரோட்டுல இருந்த கிம்ஸ் கஃபே. மத்ததெல்லாம் ஸ்டுடியோ.

எவ்ளோ பெரிய ஹிட்டு?

அமெரிக்காவுல ரெக்கார்டு கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே எம்டிவில வீடியோ ஓட ஆரம்பிச்சிடுச்சு, பாத்தவங்க எல்லாம் கடையில போயி கேட்டிருக்காங்க. 1985 அக்டோபர் 19 தேதியிட்ட பில்போர்டு ஹாட் 100ல, அதாவது அமெரிக்காவோட ஹிட் லிஸ்ட்ல, முதல் இடம். நார்வேல இருந்து அந்த இடத்துக்கு அதுக்கு முன்னாடி யாருமே போனது கிடையாது. சொந்த ஊர்லயும் இந்தத் தடவை நம்பர் ஒன்.

இங்கிலாந்துல மட்டும் 2வது இடத்தோட நின்னுடுச்சு, மேல ஜெனிஃபர் ரஷ்ஷோட "தி பவர் ஆஃப் லவ்" நகராம உக்காந்திருந்துச்சு. இதுல வயித்தெரிச்சல் என்னன்னா 2000ல ஏ1னு ஒரு பாய் பேண்ட் இதே பாட்டைத் திரும்பப் பாடி இங்கிலாந்துல நம்பர் ஒன் அடிச்சிட்டாங்க. அதுலயும் ஒரு பையன் நார்வேக்காரன், அதனால வேணா மன்னிச்சு விடலாம்.

அவார்டு எத்தனை?

1986 எம்டிவி வீடியோ மியூசிக் அவார்ட்ஸ்ல 8 பிரிவுல பேரு போச்சு, 6 ஜெயிச்சுச்சு: புது ஆர்டிஸ்ட், டைரக்‌ஷன், கான்செப்ட், ஸ்பெஷல் எஃபெக்ட், ரொம்பப் புதுமையான வீடியோ, அப்புறம் ஜனங்க ஓட்டு. ஆனா அந்த வருஷத்தோட சிறந்த வீடியோ அவார்டு டயர் ஸ்ட்ரெய்ட்ஸோட "மனி ஃபார் நத்திங்"குக்குப் போயிடுச்சு. அதை எடுத்ததும் இதே ஸ்டீவ் பேரன்தான். மனுஷன் தன்கிட்டயே தோத்தாரு.

வீடியோ இல்லன்னா பாட்டு ஓடியிருக்காதுதானே?

எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, பாதி ஒத்துக்கறேன். டார்னி வெர்ஷன் வீடியோ இல்லாம வந்து படுத்துச்சு, வீடியோவோட வந்து ஓடுச்சு, கணக்கு நேராத்தான் இருக்கு. ஆனா 1984 வெர்ஷனை எடுத்து இந்த வீடியோ மேல ஒட்டிப் பாருங்க, நான் ஒரு நாள் வேலை வெட்டி இல்லாம ஒட்டிப் பாத்தேன், காமிக்ஸ் கை நீளும்போது உள்ள ஒண்ணுமே நடக்கல, எனக்கு சிரிப்புதான் வந்துச்சு. வீடியோ ஜனங்களைக் கூட்டிக்கிட்டு வந்து வாசல்ல நிறுத்துச்சு, உள்ள கூப்பிட்டது அந்தக் குரல்தான். வெறும் வீடியோவுக்காக ஓடுன பாட்டுன்னா ரேடியோல ஓடியிருக்காது, கிட்டார் மட்டும் வச்சு யாரும் பாட மாட்டாங்க, 2008ல வீடியோல நடக்கிறதையே வரியா பாடி கிண்டல் பண்ணுன வெர்ஷன் வந்து சிரிச்சு முடிச்சதோட பாட்டும் காலியாகியிருக்கும்.

அந்த ஹை நோட்டை எப்படித்தான் பாடுறாரு?

பல்லவியை கவனிச்சுக் கேளுங்க. கீழ் ஸ்தாயியில, பேசுற குரலை விட தாழ்வா ஆரம்பிக்கும். ஒவ்வொரு வரியும் ஒரு படி ஏறும். கடைசி வரியில கள்ளக்குரலுக்கு (ஃபால்செட்டோன்னு சொல்ற மெலிசான பொய்க்குரல்) தாவி உச்சியில போயி நிக்கும். மொத்தம் ரெண்டரை ஸ்தாயி, ஒரே பல்லவிக்குள்ள. நெஞ்சுக் குரல்ல இருந்து கள்ளக்குரலுக்கு மாறுற இடத்துல நமக்கெல்லாம் குரல் உடையும், அவருக்குத் தையல் தெரியாத துணி மாதிரி ஓடிடும்.

காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல நான் இதைப் பாடுறேன்னு மேடை ஏறினவன். சரணம் நல்லாத்தான் போச்சு. முதல் பல்லவி கடைசி வரியில என் தொண்டையில இருந்து வந்த சத்தத்துக்கு ஆடிட்டோரியம் வெளிய படுத்திருந்த நாய் எழுந்து நின்னுச்சுன்னு என் ஃப்ரெண்டு இன்னைக்கும் சத்தியம் பண்றான். அதனால கரோக்கேல எடுக்கப் போறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன்: ரெண்டு கட்டை குறைச்சு வச்சுக்கோங்க, அப்பவும் முதல் வரியை எவ்ளோ கீழ ஆரம்பிக்க முடியுமோ அவ்ளோ கீழ ஆரம்பிங்க.

இவங்க ஒரே பாட்டோட காணாம போனவங்கதானே?

அமெரிக்காக்காரன் சொல்றதை அப்படியே நம்பாதீங்க. 1986 ஜனவரியில அடுத்த பாட்டு இங்கிலாந்துல நம்பர் ஒன். 1987ல ஜேம்ஸ் பாண்ட் படம் "தி லிவிங் டேலைட்ஸ்"க்கு டைட்டில் பாட்டு இவங்கதான். 1991ல பிரேசில் மரக்கானா ஸ்டேடியத்துல 1,98,000 பேரு காசு குடுத்து வந்து பாத்தாங்க, கின்னஸ்ல ஏறுன கூட்டம். ஒரே பாட்டோட போனவனுக்கு இவ்ளோ கூட்டம் வருமா சொல்லுங்க.

மெதுவா அழுகை வர்ற மாதிரி ஒரு வெர்ஷன் கேட்டேனே, அது யாரு பாடுனது?

அதுவும் அவங்களேதான். 2017ல நார்வேல கிஸ்கேன்னு ஒரு தீவுல எம்டிவி அன்பிளக்டுக்காக, அதாவது எலக்ட்ரிக் கருவி இல்லாம வாசிக்கிற நிகழ்ச்சிக்காகப் பாடுனது. வேகத்தை எடுத்துட்டாங்க, கீபோர்ட் ட்யூன் பியானோவுல தயங்கித் தயங்கி வருது, அம்பத்தேழு வயசு மார்ட்டன் அந்த உச்சியை எட்டிப் பிடிக்காம மெல்லத் தொட்டுட்டு விட்டுடறாரு. 1985ல குதிச்சதுல மறைஞ்சிருந்த "போயிடுவேன்" இதுல அப்படியே நெஞ்சுல வந்து உக்காருது. "டெட்பூல் 2"ல இந்த வெர்ஷனைத்தான் போட்டாங்க, காமெடிப் படத்துல தியேட்டர்ல கண்ணு கலங்கவச்சிட்டாங்க. "தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2" கேம்ல எல்லி கிட்டாரோட பாடுறதும் இந்த மெதுவான வகைதான்.

யூடியூப்ல இருக்கிறது பழைய ஃபிலிமா? இவ்ளோ தெளிவா இருக்கே

2019ல ஃபிலிமை எடுத்து 4கேல சுத்தம் பண்ணிப் போட்டாங்க. பேப்பரோட சொரசொரப்பு கூட தெரியும். 2020 பிப்ரவரியில 100 கோடி வியூஸ் தாண்டிச்சு, 80கள்ல வந்த வீடியோவுக்கு அது ரொம்ப அபூர்வம்.

மார்ட்டன் இப்பவும் பாடுறாரா?

2025 ஜூன்ல அவருக்கு பார்க்கின்சன் நோய் இருக்கிறதா பேண்டோட சைட்லயே சொல்லிட்டாங்க. மூளையில எலக்ட்ரோடு வைக்கிற ஆபரேஷனும் நடந்திருக்கு, உடம்பு நடுக்கத்துக்கு அது உதவுதாம், ஆனா குரல் பாதிக்கப்பட்டிருக்குன்னு அவரே சொல்லியிருக்காரு. இதைப் படிச்ச அன்னைக்கு நான் எந்த வெர்ஷனும் போட்டுக் கேக்கல.

கடைசியா ஒண்ணு. வீடியோ முடிவுல அவங்க சேந்துட்டாங்கதானே?

வராண்டாவுல கட்டிப்பிடிச்சுச் சிரிக்கிறதோட இந்த வீடியோ முடிஞ்சிடும், பல பேரு அதோட சந்தோஷமா போயிடுறாங்க. ஆனா அடுத்து வந்த "தி சன் ஆல்வேஸ் ஷைன்ஸ் ஆன் டிவி" வீடியோவோட ஆரம்பத்தைப் பாருங்க. அதே மார்ட்டன், அதே பன்டி பெய்லி, ராத்திரி, மரத்தடியில எதிர் எதிரா நிப்பாங்க. அவன் முகத்துல மறுபடி பென்சில் கோடு ஏற ஆரம்பிக்கும். அவ பாத்துக்கிட்டே நிப்பா, அவன் திரும்பி ஓடிடுவான்.